ஃப்ரீ மோஷன் குயில்டிங்குக்கு எந்த மிஷின்? பெங்களூரில் பழைய மிஷின் பார்த்து வாங்க ஒரு முழு வழிகாட்டி

ஃப்ரீ மோஷன் குயில்டிங், அதாவது அடுக்குத் துணிப் போர்வையைக் கையால் இஷ்டப்படி நகர்த்தி மிஷினில் தைப்பது, கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ‘அதுக்குன்னு தனியா ஒரு மிஷின் வாங்கணுமா?’ என்பதுதான். வாங்க வேண்டியதில்லை. தொடுதிரை, இருநூறு வகைத் தையல், தானாக நூல் அறுக்கும் வசதி எதுவும் இந்த வேலைக்கு வேண்டாம். நேர்த்தையல் ஒன்று ஒழுங்காக விழுந்தால் போதும். அதைப் பாட்டி காலத்துக் கறுப்பு மிஷின் இன்றைய பல பிளாஸ்டிக் மிஷின்களைவிடச் சுத்தமாகப் போடும். பெங்களூரில் பழைய மிஷினுக்குப் பஞ்சமில்லை, அவற்றில் நல்லதைப் பொறுக்குவதில்தான் சிரமம். அதனால் இந்த வழிகாட்டியில், கடையில் நின்றபடி மிஷினைச் சோதிப்பதைப் பற்றி விரிவாகவே இருக்கும்.

வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே உள்ள பற்கள் துணியைப் பின்னால் தள்ளுகின்றன. தையலின் நீளத்தை மிஷின் முடிவு செய்கிறது. ஃப்ரீ மோஷனில் அந்தப் பற்களுக்கு வேலை இல்லை. மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்து நம் இரண்டு கையும் நகர்த்துகின்றன. ஊசி ஓடும் வேகமும் கை நகரும் வேகமும் சேர்ந்துதான் தையல் நீளத்தைத் தீர்மானிக்கும். கை வேகமாகப் போனால் தையல் நீளும். மெதுவாகப் போனால் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் குவியும்.

தமிழ்நாட்டுத் தையல் பள்ளிகளில் வளையம் மாட்டி மிஷின் எம்பிராய்டரி கற்றவர்களுக்கு இது புதிதே இல்லை. அதே வேலை, வளையத்துக்குப் பதில் பெரிய போர்வை. இது கடையில் நேரடியாக உதவும். பழைய மிஷின் மெக்கானிக்கிடம் போய் ‘ஃப்ரீ மோஷன்’ என்றால் முழிப்பார். “அண்ணா, எம்பிராய்டரி போடற மாதிரி செட் பண்ணிக் கொடுங்க” என்றால் உடனே புரிந்துகொள்வார்.

மிஷினிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: பற்களை ஒதுக்க ஒரு வழி, துள்ளும் ஃபுட் (ஊசியோடு சேர்ந்து ஏறி இறங்கும் அழுத்துகால்) மாட்ட இடம், நிலையான டென்ஷன் (நூலின் இறுக்கம்), ஊசிக்கு வலப்பக்கம் போர்வைச் சுருள் நுழைய இடம், இரண்டு கைக்கும் விடுதலை.

எந்த வகை, எது வேண்டாம்

கடைசியாகச் சொன்னதிலேயே ஒரு வகை கழிந்துவிடுகிறது. கையால் சக்கரம் சுற்றும் கை மிஷின் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு ஆகாது. ஒரு கை சக்கரத்தில் இருந்தால் துணியை யார் நகர்த்துவது? மோட்டார் மாட்டும் இடம் அதில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஆன்லைனில் விற்கும் உள்ளங்கை அளவு மினி மிஷின்களையும் விட்டுவிடுங்கள். அவை மூன்று அடுக்கைத் தாங்காது, ஃபுட்டையும் மாற்ற முடியாது.

என் முதல் தேர்வு, சிங்கர் 15 வகை. உங்கள் தெரு டெய்லர் கடையில் நிற்கும் கறுப்பு மிஷின் பெரும்பாலும் இதன் வாரிசுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் இந்த அமைப்பை அப்படியே எடுத்து லட்சக்கணக்கில் செய்தன. இங்கே உஷா, மெரிட், ரீட்டா என்று பல பெயர்களில் வந்த கறுப்பு மிஷின்களும், லூதியானாவின் சிறு தொழிற்சாலைகளில் உருவானவையும் ஏறக்குறைய இதே குடும்பம். அதனால் பாபின் (அடி நூல் சுற்றும் உருளை), அதை வைக்கும் பாபின் கேஸ், ஊசி, பெல்ட் எல்லாம் எந்தத் தையல் சாமான் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இதை அடையாளம் காண்பது சுலபம்: பாபின் கேஸ் இடப்பக்க ஓரத்தில் நின்ற வாக்கில் நுழையும், ஊசியில் நூல் வலமிருந்து இடமாகக் கோக்கப்படும்.

அடுத்தது சிங்கர் 201. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் செய்தவை 201கே என்ற பெயரில் வந்தன. அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கி முழுச் சுற்று சுற்றுவதால் ஓட்டம் மிக மென்மை, பற்களையும் இறக்கலாம். கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் இதைத் தேடியே அலைய வேண்டாம். சிங்கர் 66-ம் நல்ல மிஷின். பாபின் மேலிருந்து படுக்கை வாக்கில் விழும். பெரும்பாலானவற்றில் பற்கள் இறங்காது, ஆனால் அதற்கு வழி உண்டு, கீழே சொல்கிறேன். 99 என்பது இதன் முக்கால் அளவுத் தம்பி. இடம் குறைவு.

தோட்டா போன்ற ஷட்டிலும் (அடி நூலைத் தாங்கி ஓடும் கூடு) நீள பாபினும் உள்ள 27, 28, 127, 128 வகைகள் நூறு வயதைத் தொட்டும் ஓடுபவை. தங்க நிற ஓவியங்களைப் பார்த்தால் மனம் இளகும். ஆனால் ஷட்டில் தொலைந்தால் மாற்று தேடி அலைய வேண்டும். ஹாலில் வைக்க வாங்குங்கள், குயில்டிங்குக்கு வேண்டாம்.

புதிதாகவே வாங்க நினைப்பவர்களுக்கு: சிங்கர் ஹெவி டியூட்டி 4423-இல் பற்களை இறக்கும் நெம்புகோல் உண்டு, நிமிடத்துக்கு 1,100 தையல் வரை ஓடும். ஊசிக்கு வலப்பக்க இடம் குறைவுதான், குழந்தைப் போர்வை வரை கவலையில்லை. உஷா ஜனோம் வரிசையில் மாடலுக்கு மாடல் வித்தியாசம். சிலவற்றில் பல் இறங்கும், சிலவற்றுக்கு மூடும் தகடு வரும். வாங்குமுன் அந்த மாடலின் கையேட்டில் இந்த ஒன்றை மட்டும் சரிபாருங்கள்.

பீன்யா, பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மென்ட் ஃபேக்டரிகள் கழித்துவிடும் பவர் மிஷின் இன்னொரு வழி. ஜூகி டிடிஎல்-8700 போன்றவற்றில் வலப்பக்க இடம் தாராளம், உழைப்பு பயங்கரம். ஆனால் நிமிடத்துக்கு 5,500 தையல் வரை போகும் மிஷினைக் கற்றுக்குட்டி கையில் கொடுத்தால் துணி பறக்கும். பழைய கிளட்ச் மோட்டாரை எடுத்துவிட்டு, வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சர்வோ மோட்டார் போட்டே ஆக வேண்டும். ஃபேக்டரி மோட்டார் த்ரீ ஃபேஸாக இருந்தால் வீட்டு பிளக்கில் ஓடாது. ஊசியும் ஃபுட்டும் வீட்டு மிஷினுடையவை பொருந்தா. இடமும் பணமும் பழக்கமும் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

எங்கே தேடுவது

காசில்லாமல் கிடைக்கும் இடம் உறவினர் வீடு. பெரியம்மா வீட்டுப் பரணிலோ மாடிப்படிக்குக் கீழேயோ ஒரு கறுப்பு மிஷின் துணி மூடிக் கிடக்க நிறைய வாய்ப்புண்டு. மகளுக்குச் சீராகக் கொடுத்த காலம் அது. அதைத் தூசு தட்டிப் பாருங்கள்.

அடுத்து டெய்லர்கள். அல்சூர், ஸ்ரீராம்புரம், சிவாஜிநகர் பக்கம் பவர் மிஷினுக்கு மாறிய டெய்லர்களிடம் மிதிக்கிற பழைய மிஷின் சும்மா நிற்கும். தினமும் ஓடிய மிஷின் என்பதால் தேய்மானம் இருக்கலாம், ஆனால் துருப்பிடித்திருக்காது. என்னைக் கேட்டால், பூட்டி வைத்ததைவிட ஓடிய மிஷினே மேல்.

பழைய மிஷினை எடுத்துச் சரிசெய்து விற்கும் மெக்கானிக்குகள் இன்னொரு வழி. கொஞ்சம் விலை கூட இருக்கும், ஆனால் நாளைக்குப் பிரச்சினை என்றால் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. பி.வி.கே. ஐயங்கார் ரோடு சண்டே பஜாரிலும் மிஷின் தலைகள் கண்ணில் படும். அங்கே வாங்கினால் அதைச் சரிசெய்யும் செலவையும் மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்கள் விற்கும் மிஷின்களை இந்த ஊரில் நிறையப் பார்க்கலாம். பின்பக்கத் தகட்டில் 110 அல்லது 120 வோல்ட் என்று இருந்தால் நம் 230 வோல்டில் சொருகாதீர்கள், மோட்டார் கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விலை விஷயத்தில் என் கணக்கு: அதே வகைப் புது மிஷின் என்ன விலை என்று முதலில் ஒரு கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பழையதற்கு அதில் பாதிக்கு மேல் கேட்டால் நகர்ந்துவிடலாம். ‘ஆன்டிக்’ என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். சிங்கர் ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் சிங்கர் ஆகாது. சிங்கர் என்றால் மேடையில் வரிசை எண் பொறித்திருக்கும். 1900-க்குப் பிறகு வந்தவற்றில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து இருக்கும். 1851–1951 என்று நூற்றாண்டுப் பட்டயம் பதித்த மிஷினுக்கும் தனி விலை சொல்வார்கள். குயில்டிங்குக்கு அந்தப் பட்டயத்தால் ஒரு பயனும் இல்லை.

பையில் என்ன எடுத்துப்போக வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வீட்டிலேயே ஒரு சாண்ட்விச் தயார் செய்து கொண்டு போங்கள். ஒரு சாண் சதுரத்தில் இரண்டு பாப்ளின் துண்டுகள், நடுவில் நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் பஞ்சு அடுக்கு, நாலு ஊக்கு. இப்படி மூன்று நான்கு. கடைக்காரர் ஒற்றைத் துணியில் தைத்துக் காட்டும் தையல் எல்லா மிஷினிலும் அழகாகத்தான் இருக்கும்.

கூடவே 14 நம்பர் புது ஊசி, நல்ல நூல் இரண்டு நிறத்தில், இன்ச் டேப், சின்ன ஸ்க்ரூடிரைவர், துள்ளும் ஃபுட். டார்னிங் ஃபுட், எம்பிராய்டரி ஃபுட் என்றும் சொல்வார்கள். ஸ்பிரிங்கும், ஊசி இறுக்கும் திருகின்மேல் உட்காரும் சின்னக் கம்பியும் உள்ளது. ஊசி ஏறும்போது ஃபுட்டும் ஏறி, துணி நகர வழிவிடும். வீட்டு மிஷின்களில் பெரும்பாலானவை லோ ஷேங்க், அதாவது ஃபுட் மாட்டும் இடம் தாழ்வானது. ஃபுட்டைக் கீழே இறக்கி, மேடையிலிருந்து ஃபுட் திருகின் நடு வரை அளந்தால் முக்கால் அங்குலம் வாக்கில் வரும். ஒன்றேகால் அங்குலம் வந்தால் அது ஹை ஷேங்க், அதற்கு வேறு ஃபுட்.

கடையில்: தைப்பதற்கு முன்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மேல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கெட்டியாக இருந்தால் பயமில்லை, பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று தட்டினால்தான் யோசிக்க வேண்டும்.

ஊசி மாட்டும் தண்டைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் சகஜம். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற ஆட்டம் இருந்தால் அந்த மிஷின் தையலை விட்டுவிட்டுப் போடும். ஃப்ரீ மோஷனில் நாம் துணியை எல்லாத் திசையிலும் இழுக்கிறோம், ஊசி கொஞ்சம் வளைந்துதான் இறங்கும், அதோடு தண்டும் ஆடினால் கொக்கியால் நூலைப் பிடிக்க முடியாது.

பாபின் கேஸை எடுத்து, நூல் போட்ட பாபினை வைத்து, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சரிந்து விழக் கூடாது. கையை மெல்ல உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். விழுந்தால் கேஸின் சின்னத் திருகைக் கால் சுற்று இறுக்குங்கள். எதற்கும் அசையாவிட்டால் கால் சுற்று தளர்த்துங்கள். கேஸ் துருவேறி இருந்தால் அதை வைத்து மிஷினை ஒதுக்க வேண்டாம், புது கேஸ் சுலபமாகக் கிடைக்கும்.

பிறகு பற்கள். மேடையின் வலப்பக்கம் ஒரு குமிழ் இருக்கிறதா, மிஷினைச் சாய்த்தால் அடியில் கைத்திருகு இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திருப்பிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் பற்கள் தகட்டுக்குக் கீழேயே இருக்க வேண்டும். இரண்டும் இல்லையா? பரவாயில்லை. தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வையுங்கள். பற்கள் ஏறி இறங்கும், ஆனால் துணியைத் தள்ளாது. நிறையப் பேர் இப்படியேதான் தைக்கிறார்கள். துணி உரசுவது எரிச்சலாக இருந்தால் பற்களை மூடும் தகடு போடலாம், அல்லது இரண்டு திருகைக் கழற்றிப் பற்களையே எடுத்துவிடலாம். ஆக, ‘இதில் பல் இறங்காது’ என்பதற்காக ஒரு நல்ல மிஷினை விட்டுவிட வேண்டாம். விலை குறைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஊசியிலிருந்து வலப்பக்கத் தூண் வரை டேப் பிடியுங்கள். முழு அளவு மிஷின்களில் 8 அங்குலம் வாக்கில் வரும், முக்கால் அளவில் ஆறரை. மோட்டார் இருந்தால் ஒயரைப் பாருங்கள். ரப்பர் உறை வெடித்திருந்தால் பிளக்கில் சொருகுவதற்கு முன் ஒயரை மாற்றச் சொல்லுங்கள்.

கடையில்: தைத்துப் பார்ப்பது

புது ஊசி போடுங்கள். மேலே சிவப்பு நூல், பாபினில் கறுப்பு. துள்ளும் ஃபுட்டை மாட்டி, ஃபுட் நெம்புகோலை இறக்குங்கள். இதை மறக்கவே கூடாது. நெம்புகோல் இறங்கினால்தான் டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடிக்கும். துள்ளும் ஃபுட் எப்படியும் துணிமேல் அழுத்தாது என்பதால் ஏற்றி இருக்கிறதா, இறக்கி இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. அடியில் நூல் கூடு கட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, அடி நூலை மேலே இழுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் நேர்கோடு. பிறகு வளைவுகள். பிறகு எல்லாத் திசையிலும் எட்டு எழுதுவது போல. கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் ஒரு துண்டை முழுதாக முடியுங்கள்.

இப்போது துண்டைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பக்கம் கறுப்பு நூல் மட்டும் தெரிந்தால் நல்லது. சிவப்புப் புள்ளி அங்கங்கே தெரிந்தால் மேல் டென்ஷனை ஒரு எண் கூட்டித் திரும்பத் தையுங்கள். வளைவுகளில் மட்டும் இமை முடி மாதிரி சிவப்பு நூல் சாய்ந்து சாய்ந்து தெரிகிறதா? நேர்கோடு சுத்தமாக இருந்து வளைவு மட்டும் இப்படி இருந்தால் குற்றம் மிஷினுடையதல்ல. வளைவில் நம் கை தன்னை அறியாமல் வேகமெடுத்து நூலை இழுக்கிறது. நேர்கோட்டிலும் அப்படியே இருந்து, டென்ஷனைக் கூட்டியும் மாறாவிட்டால், தட்டுகளுக்கு நடுவில் பழைய நூல் சிக்கியிருக்கலாம், இல்லை ஸ்பிரிங் செத்திருக்கலாம். இரண்டும் சின்னச் செலவு. தையல் விட்டு விட்டுப் போனால் ஊசி திருப்பிப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சரியாகப் போட்டும் விட்டால் டைமிங் கோளாறு, அதாவது ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம் தப்பியிருக்கிறது. மெக்கானிக் அங்கேயே சரிசெய்து, மறுபடி தைத்துக் காட்டினால் வாங்கலாம். “வீட்டுக்குப் போய் எண்ணெய் விட்டா சரியாயிடும்மா” என்ற பேச்சுக்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

தலை மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஏற்றி இறக்கும்போது ஸ்டாண்டிலிருந்து தலையைத் தனியே கழற்றிவிடுங்கள். கழற்றாமல் தூக்கினால் கீலில் ஆடி விரலை நசுக்கும்.

இறுகிய பிசினைக் கரைக்க, உலோகம் உரசும் இடங்களில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றி, துடைத்து, பிறகு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம். பளபளப்பான தங்கப் பூவேலையில் மண்ணெண்ணெய் பட்டால் அழியும். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சென்னை வெயிலில் அது எப்படியோ ஓடிவிடும். பெங்களூர் டிசம்பரில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் மிஷினுக்குள்ளும் உறையும், நாளாக ஆகப் பிசினாகும். அடுத்த மெக்கானிக் செலவு அங்கேதான் தொடங்குகிறது.

மிதிக்கிற ஸ்டாண்டா, மோட்டாரா? கற்றுக்கொள்ள மிதிப்பதே நல்லது என்பேன். வேகம் காலுக்கு ஏற்ப வரும், கரண்ட் போனாலும் வேலை நிற்காது. எல்லாவற்றையும்விட, மிஷின் மேடை மேஜையோடு சமமாக இருக்கும். இதற்காகவே மற்றவர்கள் தனி மேஜை செய்கிறார்கள். மிதித்தால் முழங்கால் வலிக்கும் என்பவர்கள் மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். வெறும் மேஜைமேல் வைக்கும் மிஷின் என்றால் இடப்பக்கமும் பின்பக்கமும் மேடை உயரத்துக்குப் பலகையோ புத்தக அடுக்கோ வையுங்கள். போர்வையின் கனம் ஓரத்தில் தொங்கினால் ஊசியை இழுக்கும், தையல் கோணும்.

நூல், ஊசி, பாபின் மொத்தமாக வாங்க சிக்பேட் மெட்ரோவில் இறங்கி மாமூல்பேட்டைக்குப் போங்கள். பஞ்சு அடுக்குக்கு, மெல்லிய பாலியஸ்டர் ஷீட் சுலபமாகக் கிடைக்கும். என் விருப்பம் பழைய ஃப்ளானல் அல்லது நைந்த காட்டன் புடவை இரண்டு மடிப்பு. வட கர்நாடகத்துப் பெண்கள் கௌதி என்னும் போர்வை தைப்பதும் பழைய துணி அடுக்கில்தான். உப்பலாக வராது, ஆனால் இந்த ஊர்க் குளிருக்கு அளவான கனம், துவைக்கத் துவைக்க மென்மையாகும். ரப்பர் புள்ளி வைத்த வேலைக் கையுறை ஒரு ஜோடியும் வாங்கிக்கொள்ளுங்கள். விரல் வழுக்காமல் துணி நகரும்.

பழக ஆரம்பிக்கும்போது சிக்குக் கோலம் போட ஆசை வரும். ஒரே கோட்டில் ஓடுவதால் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஆனால் கோடு கோட்டை வெட்டும் இடமெல்லாம் துல்லியம் கேட்கும். முதலில் ஒன்றையொன்று தொடாமல் வளைந்து வளைந்து போகும் கோடு, பிறகு கொக்கி வளைவுகள், அப்புறம் கோலம். ஊசி ஒரே வேகத்தில் ஓடட்டும், கையை மட்டும் நிதானப்படுத்துங்கள். ஒரு போர்வைக்கு ஓர் ஊசி என்று மாற்றிவிடுங்கள்.

பெரிய போர்வையை 8 அங்குல இடத்தில் எப்படி நுழைப்பது என்ற கவலைக்கு இரண்டு வழி. நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் நோக்கித் தைத்தால், எப்போதும் பாதிப் போர்வைதான் வலப்பக்கம் சுருளும். சிங்கிள் கட்டில் அளவை இப்படி முடிக்கலாம். டபுள் கட்டிலுக்கு, ஒன்றரை அடிச் சதுரங்களாகத் தனித்தனியே மூன்று அடுக்கும் சேர்த்துத் தைத்து முடித்து, பிறகு ஒன்றோடொன்று இணைத்து, இணைப்பின்மேல் பட்டி வைத்து மூடுங்கள். மேல்பக்கப் பட்டியைக் கொஞ்சம் மாறுபட்ட நிறத்தில் வைத்தால் கோணல் இணைப்பு கண்ணில் படாது. அடிப்பக்கப் பட்டியைக் கையால் தைப்பதே சுலபம்.